தனியலைகளின் உறுதியின்மை: கடுங்குளிர் வாயுக்கள் புகட்டும் பாடம்

கல்முனைக்கு மேற்கே வட்டைக்குச் செல்லும் வாய்க்காலின் ஓரத்தில் நின்று, மதகு திறக்கப்படும் கணத்தைக் கவனித்தவர்கள் ஒரு காட்சியை அறிவர். தள்ளுண்ட நீர் ஒரு மேடாக எழுந்து, இரு கரைகளுக்கும் நடுவே, தன் முகம் கலையாது வெகுதூரம் ஓடும். அதே நீர் வாய்க்காலை விட்டு வயலுள் இறங்கியதும் அம்மேடு இருந்த இடம் தெரியாது. ஊருக்குக் கிழக்கேயுள்ள கடற்கரையில் கரைவலை இழுப்போர் நாளும் காணும் அலைகளின் கதை வேறு. அவை ஆழம் குறையக் குறைய உயர்ந்து, முன்சரிந்து, உடைந்து போகின்றன. ஓர் அலை எந்த நிலைமைகளில் தன் உருவத்தைக் காத்துக்கொள்ளும், எந்த நிலைமைகளில் அதனை இழக்கும் என்ற வினா இவ்விரு காட்சிகளிலும் அடங்கியுள்ளது.

இக்கரையோர மக்களுக்கு இது வெறும் ஏட்டு வினா அன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலையில் வந்த கடற்கோள், இலங்கையின் மாவட்டங்களுள் அம்பாறையிலேயே மிக அதிகமான உயிர்களைக் கொண்டு சென்றது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இம்மாவட்டத்தில் மட்டும் மாண்டனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என அடுத்தடுத்துக் கிடக்கும் ஊர்களில் அவ்வலை தொடாத குடும்பம் அரிது. அதன் பின்னர் அலைகளைப் பற்றி எழுதப்பட்ட பலவற்றில் 'தனியலை' என்ற சொல் அடிபடலாயிற்று. கடற்கோள் என்பது தேயாமல், உருமாறாமல் பெருங்கடலைக் கடந்து வரும் தனியலையே என்று சிலர் விளக்கினர். இவ்விளக்கம் எவ்வளவு பொருந்தும் என்பதை ஆராயப் புகுந்தால், நாம் எதிர்பாராத ஓரிடத்துக்கு வந்து சேர்கின்றோம். தனிப்பூச்சியத்துக்கு மிக அண்மையில் குளிரவைக்கப்பட்ட, மயிரிழை அளவேயான வாயுத் துளிகளே அவ்விடமாகும். தனியலை எப்போது நிலைக்கும், எப்போது முறியும் என்பதற்கான தெளிவான விடை கடந்த கால் நூற்றாண்டில் அத்துளிகளிலேயே கண்கூடாகக் கிடைத்துள்ளது.

அவ்விடையின் சாரத்தை முன்கூட்டியே கூறிவிடலாம். ஓர் அலையின் உறுதி அவ்வலைக்கு மட்டும் உரிய குணமன்று; அது இயங்குவதற்குக் கிடைத்த இடத்தையும் சேர்த்த குணமாகும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கால்வாயில் கண்ட அலை

1834ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகருக்கு அருகேயுள்ள யூனியன் கால்வாயில், ஜோன் ஸ்கொட் ரசல் என்னும் பொறியியலாளர் குதிரைகள் இழுத்துச் சென்ற படகொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தார். படகு திடீரென நின்றது. ஆனால் அதன் முனையில் திரண்டிருந்த நீர் நிற்கவில்லை. வழவழப்பான ஒரு தனிமேடாக உருவெடுத்து அது முன்னோக்கி ஓடத் தொடங்கிற்று. ரசல் குதிரையில் ஏறி அதனைத் துரத்தினார். ஏறத்தாழ 30 அடி நீளமும், ஓரடி முதல் ஒன்றரை அடி வரை உயரமும் கொண்ட அம்மேடு, மணித்தியாலத்துக்கு எட்டு ஒன்பது மைல் கதியில், தன் உருவம் மாறாமல் சென்றது. ஓரிரு மைல்களுக்கு அப்பால், கால்வாயின் வளைவுகளில் அவர் அதனைத் தவறவிட்டார். பத்தாண்டுகள் கழித்து, 1844இல், தம் அவதானிப்புகளையும் பரிசோதனைகளையும் ஓர் அறிக்கையாக வெளியிட்டார்.

அன்றைய பேரறிஞர்கள் சிலர் இதனை எளிதில் ஒப்பவில்லை. அலையின் உயர்ந்த பகுதி தாழ்ந்த பகுதியிலும் விரைவாக ஓடும். ஆகவே எந்த மேடும் நாளடைவில் முன்சரிந்து உடையவேண்டும் என்பது அவர்களது வாதம். அது உண்மையே, ஆனால் பாதி உண்மை. ஓர் அலைமேடு பல நீளங்களைக் கொண்ட அலைகளின் கூட்டு. அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு கதியில் ஓடுவதால் மேடு பரந்து தட்டையாகவும் முயல்கின்றது. இதனைப் பிரிகை என்பர். முன்னையது அலையைக் கூராக்கும்; பின்னையது அதனைப் பரப்பும். இவ்விரண்டும் ஒன்றையொன்று சரியாக ஈடுசெய்யும்போது, கூராகவும் மாட்டாது பரவவும் மாட்டாது ஓர் அலை நிலைபெறுகின்றது. 1870களில் பிரான்சின் புசினெஸ்கும், 1895இல் ஒல்லாந்தின் கோர்த்தவெக், டி விறீஸ் என்போரும் இச்சமநிலையைச் சமன்பாட்டில் வடித்தனர். 1965இல் அமெரிக்காவின் சபுஸ்கி, குருஸ்கல் இருவரும் இதே சமன்பாட்டைக் கணினியில் தீர்த்தபோது, இரு தனியலைகள் மோதியும் தத்தம் உருவோடு மீண்டு வருவதைக் கண்டனர். துகள்போல நடந்துகொண்ட அவ்வலைக்கு அவர்கள் 'சொலிற்றன்' எனப் பெயரிட்டனர்.

இவ்வரலாற்றில் பலரும் கவனியாது கடந்துசெல்லும் ஒரு செய்தி உண்டு. ரசல் கண்ட அலை கால்வாயில் ஓடியது. அதற்கு முன்னும் பின்னும் உண்டேயன்றி, இடமும் வலமும் இல்லை. கோர்த்தவெக், டி விறீஸ் சமன்பாடும் ஒரே திசையை மட்டுமே கருதுகின்றது. கால்வாயின் இரு கரைகளும் அவ்வலையின் உறுதிக்குப் பேசாத பங்காளிகளாக இருந்தன.

கடற்கோள் ஒரு தனியலையா?

இனி நமது கரைக்கு வருவோம். சுமாத்திராவுக்கு அப்பால் எழுந்த அக்கடற்கோள் ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு கிலோமீற்றர் தூரத்தை இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் கடந்து இலங்கையின் கிழக்குக் கரையை அடைந்தது. ஆழத்தைவிட மிக நீண்ட அலையின் கதி ஆழத்தால் மட்டுமே தீர்மானிக்கப்படும் என்னும் விதியிலிருந்து இதனைக் கணிக்கலாம். நாலாயிரம் மீற்றர் ஆழத்தில் அக்கதி செக்கனுக்கு ஏறத்தாழ 200 மீற்றர். அதாவது மணித்தியாலத்துக்கு 700 கிலோமீற்றருக்குச் சற்று மேல். அன்று வங்கக் கடலின் மேலாகத் தற்செயலாகச் சென்ற ஜேசன்-1 என்னும் செய்மதி, நடுக்கடலில் அவ்வலையின் உயரம் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் மட்டுமே எனக் காட்டிற்று.

இவ்வெண்களை வைத்துக்கொண்டு ஒரு சிறு சோதனை செய்யலாம். தனியலையில் உயரமும் நீளமும் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும்; விரும்பிய உயரத்துக்கு விரும்பிய நீளம் அமையாது. நாலாயிரம் மீற்றர் ஆழத்தில் 60 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒரு மெய்யான தனியலை இருக்கவேண்டுமாயின், அதன் நீளம் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீற்றராக வேண்டும். சுமாத்திராவுக்கும் கல்முனைக்கும் இடைப்பட்ட தூரமே அதன் ஒன்றரை மடங்குதான். அத்தகைய அலை உருவாகித் தன்னைச் சீர்செய்துகொள்ள அக்கடலில் இடமும் இல்லை, நேரமும் இல்லை. 2008இல் டென்மார்க்கைச் சேர்ந்த மட்சன் முதலிய மூவர் இதனை விரிவாக ஆராய்ந்து, கடற்கோளுக்குத் தனியலையை மாதிரியாகக் கொள்ளும் நெடுநாள் வழக்கம் பொருத்தமற்றது என எடுத்துக்காட்டினர்.

இது சொற்பூசல் அன்று. தனியலை என்றால் அது ஒருமுறை வந்து போய்விடும். அதற்குப் பின்னால் அமைதியான நீரே உண்டு. கடற்கோளோ ஓர் அலைத்தொடர். அத்தொடரில் முதலாவதே மிகப் பெரியது என்பதற்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை. அலைகளுக்கிடையே பல நிமிடங்கள் கடக்கலாம். முதல் அலை வடிந்ததும் உறவினரையும் உடைமைகளையும் தேடிக் கரைக்கு ஓடியோரை அடுத்த அலை கொண்டுபோன கொடுமை 2004இல் பல கரைகளில் நிகழ்ந்தது. ஓர் அழகிய கணிதக் கருத்தை அதன் நிபந்தனைகளை மறந்து வேறோரிடத்துக்குக் கொண்டு செல்வது சில வேளைகளில் உயிருக்கே உலைவைக்கும் என்பதை இக்கரை அறியவேண்டும்.

அவ்வாறாயின், கரைகளால் கட்டுண்டிராத ஓர் அகன்ற பரப்பில் தனியலை நிலைக்குமா என்னும் கேள்வி எஞ்சுகின்றது. 1970இல் சோவியத் விஞ்ஞானிகளான கடொம்ற்செவ், பெற்வியாஷ்விலி என்போர் இதனையே கேட்டனர். நீண்ட, நேரான ஒரு தனியலையின் முகத்தைச் சற்றே வளைத்துவிட்டால் என்ன நேரும்? அவர்கள் கண்ட விடை, பிரிகை எத்திசையில் இயங்குகின்றது என்பதைப் பொறுத்தது. நீண்ட அலைகள் குறுகிய அலைகளிலும் விரைந்து ஓடும் ஊடகத்தில் வளைவு தானே நிமிர்ந்துவிடும். குறுகிய அலைகள் விரைந்து ஓடும் ஊடகத்திலோ வளைவு மேலும் வளரும், அலை முறியும். ஆழமற்ற சாதாரண நீர் முதல் வகையைச் சேர்ந்தது. ஐந்து மில்லிமீற்றரிலும் மெல்லியதான, பரப்பிழுவையே ஆட்சி செய்யும் நீர்ப்படலம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அந்த இரண்டாம் வகையின் மிகத் தூய எடுத்துக்காட்டே நாம் இனிக் காணப்போகும் கடுங்குளிர் வாயு.

டாக்காவிலிருந்து தொடங்கிய குளிர்

1924இல் டாக்காப் பல்கலைக்கழகத்தில் விரிவுரை நிகழ்த்திவந்த சத்தியேந்திரநாத் போஸ், ஒளித்துணிக்கைகளை எண்ணுவதற்கு ஒரு புதிய முறையை வகுத்து, அதனை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதனைத் தாமே ஜேர்மன் மொழியில் பெயர்த்து வெளியிடுவித்ததோடு, அம்முறையை அணுக்களுக்கும் விரித்தார். ஒரு வாயுவைப் போதிய அளவு குளிரச் செய்தால், அதன் அணுக்கள் தத்தம் தனித்தன்மையை இழந்து, அனைத்தும் ஒரே நிலையில் ஒடுங்கி, ஒரே அலைபோல இயங்கும் என்பது அவர் கண்ட முடிவு. இதனைப் போஸ்-ஐன்ஸ்டைன் ஒடுக்கம் என்பர்.

ஏட்டில் இருந்த இம்முடிவு வாயுவில் நிறைவேற எழுபது ஆண்டுகள் சென்றன. 1995 ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் போல்டர் நகரில் எரிக் கோர்னெல், கார்ல் வீமன் இருவரும் உருபீடிய அணுக்களைத் தனிப்பூச்சியத்துக்கு மேல் ஒரு கெல்வினின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கினும் குறைந்த வெப்பநிலைக்குக் குளிர்வித்து, ஏறத்தாழ இரண்டாயிரம் அணுக்களைக் கொண்ட ஓர் ஒடுக்கத்தைப் பெற்றனர். அதே ஆண்டில் வொல்ஃப்காங் கெற்றர்லே சோடிய அணுக்களில் இதனைச் செய்தார். மூவருக்கும் 2001இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இவ்வாயு ஒரு மீப்பாய்மம் ஆகும். அதாவது, உட்பிசுக்குமை இன்றிப் பாயவல்லது. அதன் இயக்கத்தை 1961இல் கிரொஸ், பிற்றாயெவ்ஸ்கி என்போர் தனித்தனியே வகுத்த ஒரே சமன்பாடு பெரும்பாலும் விளக்கிவிடும். ஓரிடத்தில் அணுக்கள் எவ்வளவு அடர்ந்துள்ளன, அவற்றின் பொது அலையின் அவத்தை யாது என்னும் இரண்டையும் அறிந்தால் போதும். அவத்தை இடத்துக்கிடம் மாறும் வேகமே பாயும் வேகம். ஒளியிழைகளில் ஓடும் துடிப்புகளுக்கும் கணிதத்தில் இதே சமன்பாடு பொருந்தும்.

இச்சமன்பாட்டின் கிளைகளில் தமிழகத்து ஆய்வாளரின் பங்கும் உண்டு. காந்தத் தன்மையுள்ள அணுச்சங்கிலி ஒன்றின் இயக்கமும் இதே கணித வடிவத்துக்கு ஒப்பானது என 1977இல் எம். லட்சுமணன் காட்டினார். பின்னர் திருச்சிராப்பள்ளியின் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், 1997இல் ராதாகிருஷ்ணன், பின்லாந்தின் ஹியெற்றறின்ரா ஆகியோருடன் சேர்ந்து, இரு கூறுகளைக் கொண்ட சொலிற்றன்கள் மோதும்போது தம்முள் சக்தியைப் பங்கிட்டு உருமாறக்கூடும் என நிறுவினார். சொலிற்றன் என்றால் எதற்கும் மாறாதது என்ற பொதுக் கருத்துக்கு இதுவும் ஒரு வரம்பு கட்டிற்று.

இருளலை

கடுங்குளிர் வாயுவில் தனியலை இரு வகையாகத் தோன்றும். அணுக்கள் ஒன்றையொன்று கவரும் வாயுவில் அது ஒரு திரட்சி. 2002இல் பாரிசிலும் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்திலும் இலிதியம் அணுக்களில் இத்திரட்சிகள் ஆக்கப்பட்டன. அணுக்கள் ஒன்றையொன்று தள்ளும் வாயுவிலோ தனியலை ஒரு பள்ளம். அடர்ந்த வாயுவின் நடுவே அணுக்கள் குறைந்த ஒரு மெல்லிய பகுதி. இதனை இருளலை எனலாம். அப்பள்ளத்தின் ஒரு பக்கத்திலும் மறுபக்கத்திலும் பொது அலையின் அவத்தை வேறுபட்டிருக்கும். பள்ளம் முற்றிலும் வெறுமையாகும்போது அவ்வேறுபாடு சரியாக அரைச் சுற்றாகும். அப்போது இருளலை அசையாது நிற்கும். பள்ளத்தின் ஆழம் குறையக் குறைய அது விரைந்து ஓடும். ஒலியின் கதியை நெருங்கும்போது முற்றிலும் மறைந்துவிடும்.

இதனை ஆக்கும் முறை எளிமையில் அழகியது. வாயுத் துளியின் ஒரு பாதியின் மீது மட்டும் ஒரு கணம் இலேசர் ஒளியைப் பாய்ச்சினால், அப்பாதியின் அவத்தை மாறிவிடும். ஒளிபட்ட பாதிக்கும் படாத பாதிக்கும் இடையே இருளலை பிறக்கும். 1999இல் ஜேர்மனியின் ஹனோவரிலும், 2000இல் அமெரிக்க நியம நிறுவனத்திலும் இவ்வாறு செய்து காட்டினர். இருளலைகள் ஒலியிலும் மெதுவாக நகர்ந்தன. கொள்கை கூறியது சரியே. ஆனால் அவை நீடித்து வாழவில்லை.

சவ்வு ஏன் நெளிகின்றது?

இவ்விடத்து ஒரு சிறு வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும். ஒரு கோட்டில் இயங்கும் இருளலை ஒரு புள்ளிக்கு ஒப்பானது. மெய்யான வாயுத் துளிக்கோ நீளம், அகலம், உயரம் மூன்றும் உண்டு. அதனுள் இருளலை என்பது வாயுவைக் குறுக்கே இரண்டாகப் பிரித்து நிற்கும் ஒரு மெல்லிய சவ்வு. மருதமுனைத் தறியில் இழுத்துக் கட்டப்பட்ட துணியைப் போல் அதனைக் கற்பனை செய்துகொள்ளலாம். புள்ளி நெளிய முடியாது, துணி நெளியலாம்.

தறியில் கட்டிய துணியை விரலால் சற்று அழுத்தி விட்டால், அதன் இழுவிசை அதனைப் பழைய இடத்துக்கு இழுக்கும்; துணி சிறிது அதிர்ந்து அடங்கும். இருளலைச் சவ்வுக்கும் இழுவிசை உண்டு. ஏனெனில் அதன் பரப்புக் கூடினால் அதன் சக்தி கூடும். அப்படியாயின் அதுவும் துணியைப் போலவே மீண்டுவர வேண்டுமல்லவா? இங்குதான் இயற்கை நம்மை வியக்கவைக்கின்றது. சாதாரணப் பொருளுக்குச் சக்தியைக் கொடுத்தால் அது விரைந்து ஓடும். இருளலையோ சக்தியை இழக்கும்போதுதான் விரைந்து ஓடும். நின்றுகொண்டிருக்கும் இருளலைக்கே சக்தி மிக அதிகம். இதனைப் பௌதிகவியலாளர் அதன் திணிவு எதிர்க்குறி கொண்டது எனக் கூறுவர். எதிர்த்திணிவுள்ள பொருளைப் பின்னோக்கி இழுத்தால் அது முன்னோக்கி விரையும். ஆகவே சவ்வில் ஓரிடம் சிறிது முன்னே புடைத்தால், இழுவிசை அதனைப் பின்னே இழுக்கின்றது. அதுவோ மேலும் முன்னே செல்கின்றது. அடுத்த இடம் சிறிது பின்னே குழிந்திருந்தால், மேலும் பின்னே செல்கின்றது. சவ்வு முழுவதும் பாம்புபோல நெளிகின்றது. ஆய்வாளர் இதனை நெளிவு உறுதியின்மை என்றே வழங்குவர். இவ்வகை இருளலைகளுக்கு இது தவிர்க்கவியலாதது எனக் குஸ்னெற்சொவ், தூரிற்சின் என்போர் 1988இல் கணித வழியில் காட்டியிருந்தனர்.

கடொம்ற்செவ் முதலியோரின் விதியோடும் இது பொருந்துகின்றது. கடுங்குளிர் வாயுவில் குறுகிய அலைகள் நீண்ட அலைகளிலும் விரைந்து ஓடுகின்றன. வளைவை வளர்க்கும் வகையைச் சேர்ந்த ஊடகம் அது.

நெளிவு முற்றும்போது சவ்வு கிழிகின்றது. ஆனால் கிழிந்த துணியின் ஓரத்தைப் போல அதன் ஓரம் வெறுமனே முடிய இயலாது. சவ்வின் இருபுறத்திலும் அவத்தை வேறுபட்டிருப்பதால், அதன் ஓரத்தைச் சுற்றி வரும்போது அவத்தை ஒரு முழுச் சுற்று மாறவேண்டும். அவ்வாறு மாறும் இடமே சுழி. மீப்பாய்மத்தில் சுழியின் வலிமை விரும்பியவாறு அமையாது. ஒரு குறித்த அளவின் முழுவெண் மடங்காகவே அமையும். ஆகவே தனியலையின் முறிவு வெறும் அழிவன்று. அது சுழிகளின் பிறப்பு. சவ்வின் ஓரம் ஒரு மூடிய வளையமாக அமைந்தால் சுழிவளையம் தோன்றும்.

2001இல் போல்டர் ஆய்வாளர் இதனைக் கண்ணாரக் கண்டனர். அவர்கள் கையாண்ட உபாயம் நுட்பமானது. இருளலையின் பள்ளத்தை உருபீடியத்தின் வேறொரு நிலையிலுள்ள அணுக்களால் நிரப்பினர். நிரப்பப்பட்ட சவ்வு உறுதியாக இருந்தது. பின்னர் அந்நிரப்பை மட்டும் அகற்றினர். அகற்றியதும் சவ்வு நெளிந்து, சிதைந்து, சுழிவளையங்களாக மாறிற்று.

ஒடுங்கிய இடத்தில் உறுதி

அப்படியானால் தனியலையை நிலைக்கச் செய்ய வழியே இல்லையா? உண்டு, அது ரசலின் கால்வாய்க்கே நம்மை மீட்டுக் கொண்டுபோகின்றது. எல்லா நெளிவுகளும் வளர்வதில்லை. சவ்வின் தடிப்பைவிடப் பல மடங்கு நீண்ட நெளிவுகளே வளரும். அதனிலும் குறுகியவை தாமே அடங்கிவிடும். அத்தடிப்போ ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவினது. ஆகவே வாயுவை அதன் சில மடங்கேயான அகலமுள்ள ஒரு குழாய் வடிவப் பொறியில் அடைத்துவிட்டால், வளரத்தக்க நெளிவு ஒன்றுகூட அதனுள் அடங்காது. நெளிய விரும்பினாலும் நெளிய இடமில்லை. இத்தகைய ஒடுங்கிய பொறியில், வெப்பநிலையையும் மிகத் தாழ்த்தி, 2008இல் ஹம்பேர்க்கில் இருளலைகளைச் செக்கன்கணக்கில் வாழவைத்தனர். முன்னைய பரிசோதனைகளில் அவை மில்லிசெக்கன்களிலேயே மடிந்தன என்பதை நினைக்கும்போது இது நீண்ட ஆயுள்.

கவரும் அணுக்களின் திரட்சிக்கும் இதே நியாயம் வேறு வடிவில் பொருந்தும். ஒடுங்கிய குழாயில் அது நிலைக்கும். மூன்று திசையும் திறந்த இடத்திலோ, அணுக்களின் தொகை ஒரு வரம்பை மீறினால், அது தன்னுள்ளேயே இடிந்து வீழும்.

ஒரு தவறும் அதன் திருத்தமும்

இவ்வுறுதியின்மை எவ்வளவு எளிதில் ஏமாற்றும் என்பதற்கு அண்மைக்கால வரலாறு ஒன்றுண்டு. 2013இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் மார்ட்டின் சுவியர்லைனின் குழுவினர், இலிதியம்-6 அணுக்களின் மீப்பாய்மத்தில் இருளலையை ஆக்கி, அது நீள்வடிவ வாயுவினுள் முன்னும் பின்னும் ஊசலாடுவதை அளந்தனர். அது மிக மெதுவாக ஊசலாடிற்று. அதிலிருந்து கணித்தபோது அதன் பயன்படு திணிவு, பள்ளத்தில் இல்லாதுபோன அணுக்களின் திணிவைவிட 200 மடங்குக்கும் அதிகம் என வந்தது. கொள்கை கூறியதைப் போல இது 50 மடங்குக்கு மேல். 'கனத்த சொலிற்றன்கள்' என்ற பெயரில் அம்முடிவு வெளியாகிப் பெரும் விவாதத்தைக் கிளப்பிற்று. அவர்கள் கண்டது இருளலையாக இராது, சுழிவளையமாகவே இருக்கவேண்டும் எனக் கொள்கையாளர் சிலர் வாதிட்டனர்.

அதே குழுவினர் தம் முடிவை விடாப்பிடியாகக் காக்க முற்படவில்லை, மீண்டும் சோதித்தனர். பக்கவாட்டில் எடுத்த படம் வாயுவின் முழுத் தடிப்பையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டுவதால், சவ்வும் சுழியும் அதில் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். எனவே வாயுவை மெல்லிய சீவல்களாகப் பிரித்துப் படமெடுக்கும் முறையைக் கையாண்டனர். 2014இல் வெளியான விடை இரு தரப்பினரையும் திருத்திற்று. நீண்டு ஊசலாடியது சவ்வுமன்று, வளையமுமன்று. வாயுவின் குறுக்கே கிடந்த ஒற்றைச் சுழிக்கோடு. அதே ஆண்டில் இத்தாலியின் திரெந்தோ ஆய்வாளரும், முன்னர் தாம் இருளலை எனக் கருதியவை இத்தகைய சுழிக்கோடுகளே எனக் கண்டனர். 2016இல் மசச்சூசெற்ஸ் குழுவினர் முழுக் கதையையும் படிப்படியாகப் படம்பிடித்தனர். முதலில் சவ்வு தோன்றுகின்றது, பின்னர் நெளிகின்றது, அதில் துளை விழுகின்றது, சுழிவளையம் பிறக்கின்றது, வளையமும் உடைந்து இறுதியில் ஒற்றைச் சுழிக்கோடு எஞ்சுகின்றது.

ஊகித்த கனம் உண்மையில் ஒரு முறிவின் எச்சம். மூன்று பரிமாணங்களில் நிகழ்ந்ததை ஒரு பக்கத்தோற்றத்தில் படித்ததால் வந்த பிழை அது. அதனைத் திருத்தியோர் அதனைச் செய்தோரே என்பது விஞ்ஞான ஒழுக்கத்துக்கு நல்ல சான்று.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால் ஒன்று புலப்படும். 'தனியலை உறுதியானது' என்பது முழுமையற்ற கூற்று. எந்த ஊடகத்தில், எத்தனை திசைகளில், எவ்வளவு அகலத்துள் என்ற வினாக்களுக்கு விடை கூறிய பின்னரே அதற்குப் பொருள் உண்டாகும். யூனியன் கால்வாயில் அது நிலைத்தது. ஒடுங்கிய பொறியில் அடைபட்ட வாயுவில் நிலைத்தது. அகன்ற வாயுவில் நெளிந்து சுழியாயிற்று. வங்கக் கடலின் கடற்கோளோ தனியலையாக உருப்பெறுவதற்கே இடம் போதவில்லை. ஒரே பெயரால் இவற்றையெல்லாம் அழைப்பது வசதியாக இருக்கலாம். ஆனால் அவ்வசதி நமக்குத் தவறான நம்பிக்கையையும் தரக்கூடும். கடல் ஒருமுறை வந்து வடிந்ததும் ஆபத்து நீங்கிற்று என எண்ணுவது அத்தகைய நம்பிக்கைகளுள் ஒன்று.

இவ்விளக்கத்தைத் தமிழில் எழுதும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகின்றது. அணுக்களின் ஒடுக்கத்துக்கு வித்திட்ட போஸ், 1948இல் வங்காள விஞ்ஞானப் பேரவையை நிறுவி, விஞ்ஞானத்தைத் தாய்மொழியில் பரப்புவதற்குத் தம் பிற்காலத்தின் பெரும்பகுதியைச் செலவிட்டார். உலகின் முன்னணி அறிவுக்கும் ஊர்மொழிக்கும் பகை உண்டென அவர் கருதவில்லை. இக்கரையிலே ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகமும் சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடமும் அமைந்துள்ள இக்காலத்தில், பிரிகை, அவத்தை, சுழி, உறுதியின்மை முதலிய சொற்கள் விரிவுரை மண்டபத்துள் மட்டும் அடங்கிவிடாது வாடிக்கும் வட்டைக்கும் வரவேண்டும். நீரின் நடத்தையை வாய்க்காலிலும் கடலிலும் தலைமுறைகளாகப் பார்த்துவரும் மக்கள் இவ்வறிவுக்கு அந்நியர் அல்லர். எந்த அலை ஒருமுறை மட்டும் வரும், எது மீண்டும் வரும் என்ற வினாவுக்குரிய விடை முதலில் சேரவேண்டியது அவர்களிடமே.